பிறை நிலாவில் நான் திருத்தியது

வளர்பிறை, தேய்பிறையைக் காட்டும் ஒரு சின்னச் செயலியைக் குழந்தைகளுக்காகச் செய்தேன். விளையாடி முடித்ததும் "பிறை ஏன் வருது?" என்று கேட்டால், பாதிப் பேர் "பூமியோட நிழல் விழுது" என்றார்கள். அது கிரகணம் அல்லவா!

தவறு என் படத்தில்தான். திரையில் இடம் போதாது என்று நிலாவைப் பூமிக்குப் பக்கத்திலேயே வரைந்திருந்தேன். அப்படிப் பார்த்தால் யாருக்கும் நிழல்தான் தோன்றும். உண்மையில் நடுவே சுமார் 30 பூமிகளை அடுக்கலாம். அதனால் பூமியை 10 பிக்சலுக்குச் சுருக்கி, நிலாவை 300 பிக்சல் தள்ளி வைத்தேன். நிலா 3 பிக்சல்தான் வந்தது. விரலுக்குச் சிக்கவே இல்லை. சரி என்று அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத 48 பிக்சல் தொடுவட்டம் போட்டு, தொட்டதும் நிலா பெரிதாகும்படி செய்தேன். நிலா பெரும்பாலும் பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போவது தெரியட்டும் என்று, அதன் சுற்றுப்பாதையின் 5 பாகைச் சாய்வையும் சேர்த்தேன்.

அப்புறம், தானாகச் சுற்றுவதை நிறுத்தினேன். குழந்தையே நிலாவை இழுக்க வேண்டும். பூமியிலிருந்து தெரியும் நிலா பக்கத்துக் கட்டத்தில் உடனுக்குடன் மாறும். ஒரு சிறுமி முழுநிலவு வரும் இடத்தில் விரலை முன்னும் பின்னும் நகர்த்தி மூன்று முறை சரிபார்த்தாள். "பாதி எப்பவும் வெளிச்சமாத்தான் இருக்கு, நமக்குத்தான் முழுசாத் தெரியல" என்றாள்.