இன்ஹேலர் அடிக்கிறது எப்படி? முதல்ல கண்ணாடி முன்னாடி நின்னு அடிச்சுப் பாருங்க

ஆறு வருஷமா நான் இன்ஹேலர் அடிச்சிட்டு இருந்தேன், ஆறு வருஷமும் தப்பாவே. யாரும் கேக்கல, நானும் யார்கிட்டயும் காட்டல. அப்புறம் ஒருநாள் வேற ஒரு டாக்டர்கிட்ட போனப்ப, அவர் சீட்டு எழுதுறதுக்கு முன்னாடி "பையில இன்ஹேலர் இருக்கா, எடுத்து என் முன்னாடி அடிங்க பாப்போம்"ன்னார். கெத்தா எடுத்து அடிச்சேன். "மருந்து பூரா உங்க தொண்டைக்குத்தான் போச்சு, நெஞ்சுக்கு ஒன்னும் போகல"ன்னு சிரிச்சார். டோஸ ஏத்துவார்னு நெனச்சுப் போனவனுக்கு அதே மருந்து, அதே டோஸ், அடிக்கிற முறைய மட்டும் மாத்திக் கொடுத்தார். கொஞ்ச நாள்ல நடுராத்திரி எந்திரிச்சு உக்காந்து இளைக்கிறது நின்னுடுச்சு.

அதனால புதுசா இன்ஹேலர் வாங்கினவங்க, வீட்ல அம்மா அப்பாக்கோ குழந்தைக்கோ அடிச்சு விடுறவங்க, எல்லாருக்கும் சேத்து இத எழுதுறேன். எந்த மருந்து, எத்தனை பஃப்பு, அதாவது எத்தனை தடவை அழுத்தணுங்கறது உங்க டாக்டர் சொல்றதுதான், அதுல நான் தலையிடல.

முதல்ல கையில என்ன இருக்குன்னு பாருங்க

வீட்ல ரெண்டு இன்ஹேலர் இருந்தா ரெண்டும் ஒன்னு இல்ல. ஒன்னு இளைப்பு வந்த உடனே அடிக்கிறது, சால்புட்டமால் மாதிரி. சுருங்கிப்போன மூச்சுக்குழாய் தசைய சில நிமிஷத்துல தளர்த்தி விடும், நாலஞ்சு மணி நேரம் தாங்கும். இன்னொன்னு தெனமும் அடிக்கிறது, புடசோனைடு மாதிரி ஸ்டீராய்டு. இது குழாய்க்குள்ள இருக்குற வீக்கத்த மெதுவா வத்த வைக்கும், அதுக்கு நாள் கணக்கா வாரக் கணக்கா ஆகும், அடிச்ச உடனே ஒரு வித்தியாசமும் தெரியாது. பிரச்சனையே இங்கதான். முதலாவது உடனே சுகம் கொடுக்குது, அதனால எல்லாரும் அத மட்டும் அடிச்சிட்டு, "இது ஒன்னும் கேக்க மாட்டேங்குது"ன்னு ரெண்டாவத அலமாரியில போட்டுடுறாங்க. ஆஸ்துமாவுக்கு சால்புட்டமால மட்டும் வச்சு ஓட்டாதீங்கன்னு 2019லயே ஜினாங்கற உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பு சொல்லிடுச்சு. ரெண்டு வேலையும் ஒன்னா செய்ற கூட்டு மருந்தும் இருக்கு, உங்களது எதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு டப்பா மேல மார்க்கர்ல "தெனம்", "இளைப்புக்கு"ன்னு பெருசா எழுதிடுங்க. கலர வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

ஸ்ப்ரே மாதிரி அடிக்கிற இன்ஹேலர்

1. மூடியக் கழட்டுங்க, கழட்டிட்டு வாய் வைக்கிற ஓட்டைக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாருங்க. சிரிக்காதீங்க, மூடி இல்லாம பாக்கெட்லயும் ஹேண்ட்பேக்லயும் கெடக்குற இன்ஹேலருக்குள்ள காசு, பட்டன் எல்லாம் போய் உக்காந்திருக்கும். பாக்காம அடிச்சா அதுவும் சேர்ந்து மூச்சுக்குழாய்க்குள்ள போய்டும், நெஜமாவே நடந்திருக்கு.

2. நல்லா குலுக்குங்க. உள்ள மருந்தும் அத வெளிய தள்ற வாயுவும் கலந்தாத்தான் அளவு சரியா வரும். புதுசா பிரிச்சதா இருந்தாலோ ரொம்ப நாள் தொடாம வச்சிருந்தாலோ, முதல்ல காத்துல ரெண்டு மூணு தடவை அடிச்சு விட்டுட்டு ஆரம்பிங்க. எத்தனை தடவைன்னு உள்ள இருக்குற பேப்பர்ல போட்டிருக்கும்.

3. நேரா உக்காருங்க, இல்ல நில்லுங்க. இப்ப மூச்ச வெளிய விடுங்க, இன்ஹேலருக்குள்ள ஊதாம தள்ளி. நெறைய பேர் செய்யாம விட்டுடுறது இந்த ஸ்டெப்பத்தான். நெஞ்சு ஏற்கனவே நெறஞ்சு இருந்தா மருந்து எங்க போய் உக்காரும்? தண்ணி நெறஞ்ச குடத்துல இன்னொரு சொம்பு ஊத்துற மாதிரிதான்.

4. பல்லுக்கு நடுவுல வச்சு உதட்ட இறுக்கி மூடுங்க, நாக்கு குறுக்க வராம கீழ இருக்கட்டும்.

5. இதுதான் முக்கியம், பொறுமையா படிங்க. முதல்ல வாயால மூச்ச மெதுவா இழுக்க ஆரம்பிங்க, இழுக்க ஆரம்பிச்ச அந்த நொடியிலயே ஒரு தடவை அழுத்துங்க, அழுத்தினதும் நிறுத்திடாம அப்படியே மெதுவா இழுத்துட்டே இருங்க, நாலஞ்சு செகண்டுக்கு. நான் ஆறு வருஷமா என்ன பண்ணேன்னா முதல்ல அழுத்திட்டு அப்புறம் "ஹக்"குன்னு வேகமா இழுப்பேன். மருந்து அந்தக் கேன்ல இருந்து பயங்கர வேகமா வருது, மூச்சு கூடவே ஓடலன்னா நேரா போய் தொண்டைச் சுவத்துல மோதி ஒட்டிக்கும், அங்கருந்து வயித்துக்குத்தான். வேகமா இழுத்தாலும் இதே கதைதான். தொண்டைக்குப் பின்னாடி சில்லுன்னு கசப்பா அடிச்சுதுன்னா மருந்து தப்பான எடத்துக்குப் போச்சுன்னு அர்த்தம், நான் அதத்தான் "ஆஹா மருந்து வேலை செய்யுது"ன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

6. இன்ஹேலர எடுத்துட்டு வாய மூடி 10 எண்ணுங்க. முடியலன்னா முடிஞ்ச வரைக்கும். அப்புறம் மெதுவா விடுங்க.

7. ரெண்டாவது பஃப் இருந்தா அரை நிமிஷமாவது விட்டு, திரும்ப குலுக்கி, திரும்ப முதல்ல இருந்து. டப்பு டப்புன்னு ரெண்டு தடவை சேத்து அழுத்துறது வேணாம்.

தலைப்புல சொன்ன கண்ணாடி எதுக்குன்னா, முதல் தடவை கண்ணாடி முன்னாடி நின்னு அடிங்க. வாய் ஓரத்துலயோ மூக்குலயோ, இன்ஹேலர் தலைமாட்டுலயோ வெள்ளையா புகை கெளம்புதா? அவ்ளோ மருந்தும் ரூமுக்குத்தான் போச்சு.

இழுக்குறதும் அழுத்துறதும் சேரவே மாட்டேங்குதா?

அப்ப ஸ்பேசர் வாங்குங்க. பிளாஸ்டிக் குடுவை மாதிரி இருக்கும், ஒரு பக்கம் இன்ஹேலர சொருகணும், இன்னொரு பக்கம் வாய். மருந்து அந்தக் குடுவைக்குள்ள வேகம் கொறஞ்சு நிக்கும், நீங்க நிதானமா இழுத்துக்கலாம். ஒரு தடவை ஆழமா இழுத்துப் பிடிச்சாலும் சரி, சாதாரணமா அஞ்சாறு தடவை மூச்சு விட்டு எடுத்தாலும் சரி. ஒரு நேரத்துல ஒரு பஃப்தான், உள்ள நாலு பஃப்ப ரொப்பி வச்சு இழுக்காதீங்க, குடுவைச் சுவத்துலயே ஒட்டிக்கும். சின்னக் குழந்தைங்களுக்கு இதுலயே மாஸ்க் மாட்டி, மூக்கும் வாயும் மூடுற மாதிரி மூஞ்சில இடைவெளி இல்லாம வச்சு, அஞ்சாறு மூச்சு வரைக்கும் எடுக்கக் கூடாது. அழுகுற குழந்தைக்கு மருந்து சரியா எறங்காது, அதனால கரடி பொம்மைக்கு முதல்ல அடிச்சுக் காட்டி, அப்புறம் அப்பாக்கு, அப்புறம் அவனுக்கு, எங்க வீட்ல இந்த வரிசைதான்.

ஸ்பேசர்னா குழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும்தான்னு ஒரு நெனப்பு இருக்கு. நான் நாப்பது தாண்டினவன், வீட்ல ஸ்பேசர்லதான் அடிக்கிறேன், ஒரு வெக்கமும் இல்ல.

மாத்திரை மாதிரி போட்டு இழுக்குற ரோட்டாஹேலர்

இதுல எல்லாமே தலைகீழ். அதுல மெதுவான்னா இதுல வேகமா, ஏன்னா பவுடர தள்றதுக்கு உள்ள வாயு எதுவும் கெடையாது, உங்க மூச்சுதான் மோட்டார். கை ஈரம் இல்லாம தொடச்சிட்டு, கேப்சூல அடிக்கப் போற நேரத்துல மட்டும் பிரிங்க. மேல இருக்குற சதுர ஓட்டையில, கலர் இல்லாம கண்ணாடி மாதிரி இருக்குற முனை கீழ போற மாதிரி போட்டு உள்ள அமுக்குங்க. அடிப்பாகத்த முழுசா திருகுங்க, கேப்சூல் ரெண்டாகி பவுடர் கொட்டும். மூச்ச வெளிய விடுங்க, இதுக்குள்ள ஊதிடாதீங்க, ஈரம் பட்டா பவுடர் கட்டியாகிடும். அப்புறம் உதட்ட இறுக்கி ஒரே இழுப்பா வேகமா ஆழமா இழுத்து, 10 எண்ணுற வரைக்கும் பிடிங்க. தெறந்து பாருங்க, பவுடர் மிச்சம் இருந்தா இன்னொரு இழுப்பு.

எங்க பெரியம்மா ஒரு வாரமா அந்தக் கேப்சூல சுடுதண்ணியில முழுங்கிட்டு இருந்தாங்க. "மருந்துக் கடைத் தம்பி காலைல ஒன்னு ராத்திரி ஒன்னுன்னான்பா, நான் என்ன பண்ண?" அவங்க மேல என்ன தப்பு, யாரும் சொல்லித் தரல. ஒன்னு மட்டும், இளைப்பு ரொம்ப முத்திப்போன நேரத்துல வேகமா இழுக்க தெம்பு இருக்காது, அப்ப இது சரிப்படாம போகலாம். அந்த மாதிரி நேரத்துக்கு ஸ்ப்ரேயும் ஸ்பேசரும் தனியா வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க.

அடிச்சு முடிச்ச அப்புறம்

ஸ்டீராய்டு இருக்குற இன்ஹேலர்னா வாய் கொப்பளிச்சு, தொண்டைல கரகரன்னு பண்ணித் துப்பணும், முழுங்கக் கூடாது. இல்லன்னா நாக்குல வெள்ளையா மாவு படிஞ்ச மாதிரி பூஞ்சை புடிக்கும், குரலும் கம்மும். பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி அடிக்கிறதுன்னு பழக்கிக்கிட்டா மறக்கவே மறக்காது.

வாரம் ஒரு தடவை மருந்துக் கேன உருவிட்டு வெறும் பிளாஸ்டிக்க மட்டும் வெதுவெதுப்பான தண்ணில கழுவி காய விடுங்க. ஸ்பேசர சோப்புத் தண்ணில அலசி அப்படியே காய வைங்க, துணி போட்டுத் தேய்ச்சா கரண்ட் மாதிரி ஒரு ஈர்ப்பு உண்டாகி மருந்த பூரா சுவரே புடிச்சு வச்சுக்கும். வெயில்ல நிக்கிற கார்லயும் அடுப்பு மேடை பக்கத்துலயும் இன்ஹேலர விடாதீங்க.

அப்புறம் இந்த "பழகிடும், விடவே முடியாது" கதை. கல்யாண வீட்ல இன்ஹேலர எடுத்தாலே நாலு பேர் வந்து சொல்லுவாங்க. அது போதை இல்ல. மாத்திரையில மில்லிகிராம் கணக்குல சாப்பிடுறத இதுல மைக்ரோகிராம் கணக்குல நேரா நெஞ்சுக்கு அனுப்புறோம், அவ்ளோதான். நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்துறதுதான் வம்பு.

ஆனா ஒன்னு: இளைப்புக்கு அடிக்கிறத அடிச்சும் கேக்கல, ஒரு வாக்கியத்த முழுசா பேச முடியல, உதடு நீலமாகுதுன்னா படுக்க வைக்காதீங்க. நேரா உக்கார வச்சு, டாக்டர் சொல்லி வச்ச அவசர அளவுல ஸ்பேசர் வழியா ஒவ்வொரு பஃப்பா கொடுத்துட்டே 108க்கு போன் போடுங்க.

கடைசியா, மருந்து தீந்துச்சான்னு எப்படித் தெரியும்? கேன தண்ணில போட்டு மெதக்குதான்னு பாக்குற பழைய வித்தைய விட்டுடுங்க, அது சரியா காட்டாது, வால்வுல தண்ணி வேற போகும். மருந்து தீந்த அப்புறமும் வெறும் வாயு புஸ்ஸுன்னு வந்துட்டேதான் இருக்கும், அதனால சத்தத்தையும் நம்பாதீங்க. நம்பர் காட்டுற இன்ஹேலர்னா கவலை இல்ல. இல்லன்னா கணக்குதான்: 120 பஃப் இருக்குறத காலைல ரெண்டு ராத்திரி ரெண்டுன்னு அடிச்சா சரியா 30 நாள். பிரிச்ச அன்னைக்கே தீர்ற தேதிய டப்பா மேல எழுதிடுங்க, நான் ஃபோன்லயும் போட்டு வச்சிருக்கேன், பால் கார்டு புதுப்பிக்கிற அலாரத்துக்கு அடுத்தது அதுதான் அடிக்கும்.