கமாண்ட் ப்ராம்ப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே, இன்று விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் திரையை) திறக்கும் பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அன்று போனது 360 கேபி பிளாப்பி, இன்று போவது முழு மெமரி கார்டு. எழுத்துப்பிழை, இடைவெளி விட மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றுக்குக் கணினியே திட்டிவிடும். திட்டாமல், சரி சரி என்று தலையாட்டிவிட்டு வேலையைக் கெடுக்கும் தவறுகள்தான் ஆபத்து.

சிடி அடித்தால் டிரைவ் மாறாது

சிடி என்பது ஃபோல்டர் மாறும் கட்டளை. சி டிரைவில் நின்றுகொண்டு "சிடி இ:\படம்" என்று அடித்து என்டர் தட்டுங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் நீங்கள் நிற்பது இன்னும் சி டிரைவில்தான். டாஸில் ஃபோல்டர்கள் வந்ததே 1983இல், 2.0 பதிப்பில். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்பதை அது ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. நீங்கள் அடித்த கட்டளை இ டிரைவுக்கான நினைவை மட்டும் மாற்றியது. அங்கே போக வேண்டுமானால் "இ:" என்று தனியாக அடிக்க வேண்டும், அல்லது சிடியோடு ஸ்லாஷ் டி சேர்க்க வேண்டும்.

இது தெரியாமல் அடுத்த வரியில், எழுத்து ஃபைல்களை எல்லாம் அழிக்கும் "டெல் *.டிஎக்ஸ்டி" அடித்தால், அழிவது சி டிரைவில் இருப்பவை. எல்லா ஃபைல்களையும் குறிக்கும் *.* என்று அடித்தாலாவது 'நிச்சயமா?' என்று ஒருமுறை கேட்கும். *.டிஎக்ஸ்டிக்கு அந்தக் கேள்வியும் கிடையாது. பழைய டாஸில் "சி>" என்று மட்டும்தான் நிற்கும். ஃபோல்டர் பெயரும் தெரிவதற்காக, கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் ஒரு வரி எழுதிவைப்போம். இப்போது தானாகவே தெரிகிறது, யாரும்தான் பார்ப்பதில்லை.

இல்லாத ஃபோல்டருக்குக் காப்பி

இந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் மாலை நேரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தான். மெமரி கார்டில் இருந்த கல்யாணப் படங்களைக் கணினிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மவுஸைத் தொடாமல் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பியவன், கார்டு டிரைவில் நின்று "காப்பி *.ஜேபிஜி டி:\முகூர்த்தம்" என்று அடித்தான். படங்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கடகடவென்று ஓடின. ஓடி முடிந்ததும் கார்டை ஃபார்மாட் செய்து போட்டோகிராபர் கையில் கொடுத்துவிட்டான். அவர் அதை அப்படியே வரவேற்புக்கு எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் போன் வந்தது: "சார், ஃபோல்டர் திறக்கவே மாட்டேங்குது."

எப்படித் திறக்கும்? டி டிரைவில் முகூர்த்தம் என்று ஃபோல்டரே இல்லை. முதலில் அதை உருவாக்க மறந்திருக்கிறான். காப்பி கட்டளை ஃபோல்டரைத் தானாக உருவாக்காது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லையென்றால், அது ஒரு ஃபைலின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். போகும் இடம் ஒரே ஃபைல், வருவதோ நிறைய ஃபைல்கள் என்றால், எல்லாவற்றையும் ஒட்டி ஒன்றாக்கச் சொல்கிறார்கள் என்று அது புரிந்துகொள்ளும்.

முழுதாக ஒட்டியிருந்தாலாவது பிரித்தெடுக்கப் பார்க்கலாம். ஃபைல்களை ஒட்டும்போது, வேறு எதுவும் சொல்லாவிட்டால், காப்பி அவற்றை வெறும் எழுத்து ஃபைல்களாகவே நடத்தும். டாஸுக்கு முந்தைய சிபிஎம் இயங்குதளத்தில் ஃபைலின் நீளம் 128 பைட் துண்டுகளாகத்தான் கணக்கு வைக்கப்பட்டது. எழுத்து உண்மையில் எங்கே முடிகிறது என்று காட்ட, கன்ட்ரோல் இசட் என்ற 26ஆம் எண் பைட்டை வைப்பார்கள். டாஸ் அந்த வழக்கத்தை வாங்கிக்கொண்டது, விண்டோஸும் விடவில்லை. படத்துக்குள் 26 எங்கே வந்தாலும் 'முடிந்தது' என்று நிறுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும். ஆக, அந்த ஃபைலில் இருந்தவை ஒவ்வொரு படத்தின் தலைப்பகுதித் துணுக்குகள் மட்டுமே.

கார்டில் மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தோம். கொஞ்சம் வந்தது. தாலி கட்டும் படங்கள் இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் ஸ்டால் படங்கள் உட்கார்ந்திருந்தன.

இத்தனைக்கும் திரை பொய் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கில் பெயர்கள் ஓடிய பிறகு, கடைசி வரியில் '1 ஃபைல் காப்பியானது' என்றுதான் ஆங்கிலத்தில் வந்திருக்கும். அந்த 1ஐ ஒருவரும் படிப்பதில்லை. ஓடுகிற பெயர்களைப் பார்த்தே மனசு நிறைந்துவிடுகிறது.

வழி சுலபம். ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போடுங்கள்: டி:\முகூர்த்தம்\. அப்போது ஃபோல்டர் இல்லையென்றால் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். அல்லது எக்ஸ்காப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள். போகும் இடம் ஃபைலா, ஃபோல்டரா என்று அதுவே கேட்கும். அப்புறம், காப்பி முடிந்ததும், ஃபைல்களைப் பட்டியலிடும் டிர் கட்டளையை அடித்து எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் மூலத்தில் கை வைக்காதீர்கள்.

டெல் அடித்தது குப்பைத்தொட்டிக்குப் போகுமா?

போகாது.

ஒரு > போதுமா?

ஒரு > போட்டால் கட்டளையின் விடை திரைக்குப் பதில் ஃபைலுக்குப் போகும்; பழைய ஃபைல் காலியாகிப் புதிதாக எழுதப்படும். இரண்டு போட்டால் கடைசியில் சேரும். லினக்ஸில் "சார்ட் பட்டியல் > பட்டியல்" என்று அடித்துவிட்டு, வரிசைப்படுத்திய பட்டியலைத் தேடாதீர்கள். வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை தொடங்கும் முன்பே, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்திருக்கும்.

அதே பெயரில் ஃபைல் இருந்தால்

1993இல் டாஸ் 6.2 வரும்வரை காப்பி எதுவும் கேட்காமல் பழைய ஃபைலின் மேல் எழுதிவிடும். இப்போது கேட்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அதே கட்டளையை, கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் பேட்ச் ஃபைலுக்குள் வைத்து ஓட்டினால் இன்றும் கேட்காது. அங்கேயும் கேட்க வேண்டுமானால் ஸ்லாஷ், ஹைஃபன், ஒய் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.