சயாம் டியூலிப்: உறங்க விட்டு வளர்க்க வேண்டிய செடி

இலைகள் மஞ்சளித்துச் சாய்ந்த சயாம் டியூலிப் தொட்டியை, செடி செத்துவிட்டதாக எண்ணி முதல் ஆண்டில் நான் கொட்டிவிட்டேன். மண்ணோடு விழுந்த கிழங்குகளை அழுத்திப் பார்த்தபோது அவை கெட்டியாகவே இருந்தன. செடி உறக்கத்தில் இருந்திருக்கிறது.

டியூலிப் என்பது பெயரளவில்தான். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, நாம் நன்கறிந்த மஞ்சளின் பேரினத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் குர்குமா அலிஸ்மாட்டிஃபோலியா. இதழ்போல் அடுக்கடுக்காக விரியும் இளஞ்சிவப்பு மடல்கள் பூவடிச் செதில்களே. கீழடுக்குச் செதில்களின் இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் சிறிய ஊதா மலர்கள்தாம் மெய்யான பூக்கள்.

கிழங்கு வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மட்ட நிலத்தண்டிலிருந்து, அதாவது மண்ணுக்கடியில் கிடையாக வளரும் கிழங்குத் தண்டிலிருந்து, இறங்கும் வேர்கள் சிலவற்றின் நுனி, சிறு முட்டைபோல் பருத்துத் தொங்கும். முளைக்கு வேண்டிய மாவுச்சத்தும் நீரும் அங்கேதான் சேர்ந்திருப்பதால், இத்தகைய சேமிப்பு வேர்கள் மூன்று நான்காவது உடையாமல் உள்ள கிழங்கு விரைவில் முளைத்து முன்னதாகவே பூக்கும். கிழங்கின் பருமனைவிட இதையே நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

தென்னை நார்த்தூள், மண்புழு உரம், மணல் கலந்த, நீர் தேங்காத கலவையில், முளைக்கண் மேல்நோக்கி இருக்குமாறு வைத்து, சுமார் 5 செ.மீ. மண் மூடுங்கள். முளைப்பதற்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் உகந்தது. முளை தெரியும்வரை மண் ஈரப்பதமாக இருந்தால் போதும். இலை விரிந்த பிறகு தாராளமாக நீர் ஊற்றி, நல்ல வெளிச்சமுள்ள சன்னலோரம் வைத்து, இரு வாரங்களுக்கொருமுறை நீர்த்த திரவ உரம் கொடுங்கள். வறண்ட காற்றில் இலையின் அடியில் செஞ்சிலந்தி எனும் சாறுறிஞ்சும் நுண்ணுயிர்ப் பேன் சேரும். ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிடலாம்.

பகல் நேரம் குறையத் தொடங்கியதும் செடி தானே உறக்கத்துக்குத் தயாராகும். முதிர்ந்த இலைகள் முதலில் பழுத்து, மற்றவை மெல்ல அவற்றைத் தொடரும். மாறாக, மண் ஈரமாக இருக்கும்போதே பச்சை இலைகள் திடீரெனத் துவண்டால் அது வாடல் நோயாக இருக்கலாம். தண்டை வெட்டி நீரில் வைக்கும்போது பால்போன்ற கசிவு இறங்கினால், செடியையும் மண்ணையும் தயங்காமல் அகற்றிவிட வேண்டும்.

உறக்கம்தான் என்று உறுதியானால் நீரைப் படிப்படியாகக் குறைத்து, இலைகள் முற்றிலும் காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். கிழங்கைத் தொட்டியிலேயே உலரவிடலாம். அல்லது சேமிப்பு வேர்கள் முறியாமல் தோண்டியெடுத்து, உலர்ந்த நார்த்தூளில் புதைத்து, காகிதப் பையில் 15 முதல் 20 பாகை வெப்பத்தில் வைக்கலாம். ஞெகிழிப் பை வேண்டாம். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

சில மாதங்களில் வெண்ணிற முளைநுனி தென்படும். கொத்தைப் பிரிக்க அதுவே தக்க தருணம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளையும் ஒரு சேமிப்பு வேராவதும் இருக்குமாறு சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாய் உலர்ந்த பின் நடுங்கள்.