650 டிகிரி பெயின்ட் என்ஜினுக்கு எதற்கு?

காரைக்குடியில் ஒரு பெயின்ட் கடைக்குப் போய், பைக் என்ஜினுக்குச் சூடு தாங்கும் பெயின்ட் வேண்டும் என்றேன். 650 டிகிரி என்று அச்சிட்ட வெள்ளி நிற டப்பா ஒன்று கைக்கு வந்தது. எண் பெரிதாக இருந்தால் பெயின்டும் உறுதியாக இருக்கும் என்று நம்பி, எங்கள் அப்பச்சி ஓட்டிய பழைய புல்லட்டின் என்ஜின் முழுவதற்கும் அதையே அடித்தேன். முதல் இரண்டு வாரம் பளபளவென்று இருந்தது. பிறகு ஒரு நாள், கார்புரேட்டரிலிருந்து கசிந்த பெட்ரோலைத் துணியால் துடைத்தேன். வெள்ளி நிறம் முழுவதும் துணியோடு வந்துவிட்டது.

வேலையைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, இது புகை போகும் எக்ஸாஸ்ட் குழாய்க்கான பெயின்ட், என்ஜினுக்கானது இல்லை." இந்த வேறுபாடு தெரியாமல்தான் பெரும்பாலான பெயின்ட் வீணாகிறது. அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

600, 650 டிகிரி என்று விற்கும் வகை, சிலிக்கோன் பிசினில் அலுமினியத் தூளோ வேறு நிறமியோ கலந்தது. காற்றில் காய்ந்ததும் வேலை முடிந்துவிட்டது போலத் தெரியும்; உண்மையில் பாதிதான் முடிந்திருக்கும். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி ஆறினால்தான் அந்தப் பிசின் இறுகும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாது, தண்ணீர்த் தொட்டியில் ஊறித்தான் இறுகும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெயின்ட் அதற்கு நேர் எதிர். நெருப்புச் சூடு படாவிட்டால் இது கடைசிவரை பச்சையாகவே கிடக்கும்.

காற்றால் குளிரும் என்ஜினில் எந்த இடம் எவ்வளவு சுடும் என்று பாருங்கள். சிலிண்டர் ஹெட்டிலிருந்து வெளியே வரும் எக்ஸாஸ்ட் குழாயின் தொடக்கம் 400 டிகிரியைத் தாண்டக்கூடும். சிலிண்டர் ஹெட் 150 முதல் 200 டிகிரி வரை போகும். கீழே கிராங்க் கேஸும் கிளட்ச் மூடியும் 100 டிகிரி அளவிலேயே நின்றுவிடும். குழாய்க்கான பெயின்டை கிராங்க் கேஸில் அடித்தால், அது இறுகத் தேவையான சூடு அந்த இடத்தில் ஒருநாளும் கிடைக்காது. பெட்ரோலும் ஆயிலும் பட்டால் கரைந்து வருவதற்குக் காரணம் அதுதான்.

என்ஜினுக்கு வாங்க வேண்டியது 'என்ஜின் எனாமல்' என்ற தனி வகை. அதன் வரம்பு வழக்கமாக 260 டிகிரிதான். 90, 100 டிகிரியில் இருபது நிமிடம் இருந்தாலே அது இறுகிவிடும். அந்தச் சூட்டை என்ஜின் தானே கொடுக்கும். இறுகிய பிறகு பெட்ரோல் துளியையும் ஆயிலையும் தாங்கும். ஹெட், சிலிண்டர், கிராங்க் கேஸ் மூன்றுக்கும் இது போதும். 650 டிகிரி டப்பாவை எக்ஸாஸ்ட் குழாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவைத் திருப்பிப் பார்க்கும்போது, எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது செல்சியஸா பாரன்ஹீட்டா என்று கவனியுங்கள். 500 பாரன்ஹீட் என்பது 260 செல்சியஸ்தான். 1,200 என்று மிரட்டும் எண், செல்சியஸில் 649. சில டப்பாக்களில் உள்ள பெரிய எண், சிறிது நேரம் மட்டும் தாங்கும் வரம்பாகவும் இருக்கும். தொடர்ந்து தாங்கும் வரம்பு சிறிய எழுத்தில் கீழே இருக்கும்.

இனி அடிப்பூச்சு. கேட்டுக்கு அடித்து மீந்த ரெட் ஆக்சைடு பிரைமர் வீட்டில் இருக்கிறதே என்று அதை என்ஜினில் பூசாதீர்கள். சூட்டில் முதலில் கெடுவது அதுதான். மேலே உள்ள நல்ல பெயின்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். சூடு தாங்கும் பிரைமர் தனியாக இருக்கிறது. குழாய்க்கான பெயின்டுகள் பலவற்றை வெறும் உலோகத்தின் மேல் நேராகவே அடிக்கச் சொல்லியிருப்பார்கள். டப்பாவில் உள்ளபடி செய்வதே சரி. பளபளப்புக்காக மேலே சாதாரண வார்னிஷ் அடிப்பதும் வேண்டாம், மஞ்சளித்துவிடும்.

துருவின் மேல் அப்படியே அடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. உலோக அரிப்பையும் ஆராயும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்கும் ஊர் இது. துரு உதிரும்போது பெயின்டும் அதோடு உதிரும். கம்பி பிரஷும் உப்புத்தாளும் கொண்டு உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட்டு உடனே அடிப்பதும் தவறு. மண்ணெண்ணெய் கிரீஸை எடுக்கும், ஆனால் தன் பங்குக்கு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கடைசியில் தின்னர் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். அதன் பிறகு வெறுங்கையால் தொட வேண்டாம். அலுமினியம் காற்றுப் பட்டதும் ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். தேய்த்த அன்றே அடித்துவிடுவது நல்லது.

கேஸ்கெட் உட்காரும் முகம், ஸ்பார்க் பிளக் துளை, எர்த் வயர் மாட்டும் இடம், என்ஜின் எண் ஆகியவற்றை டேப் ஒட்டி மறையுங்கள். எண் மறைந்தால் வண்டியை விற்கும்போது வீண் தொல்லை.

சிலிண்டரின் தகடுகளுக்கு நடுவே பெயின்ட் தேங்கும்படி கனமாக அடிக்கிறார்கள். அந்தத் தகடுகள் இருப்பதே சூட்டைக் காற்றிடம் கொடுப்பதற்கு. கனமான பூச்சு சூட்டைப் பிடித்து வைக்கும், பிறகு விரிசல் விடும். பத்து நிமிட இடைவெளியில் மெல்லியதாக இரண்டு, மூன்று பூச்சு போதும். நேராக அடித்தால் தகடுகளின் ஆழத்துக்குப் போகாது. மேலிருந்தும் கீழிருந்தும் சாய்த்து அடியுங்கள்.

சித்திரை வெயிலில் காய்ந்த உலோகத்தின் மேல் ஸ்பிரே செய்தால், துளிகள் பரவுவதற்கு முன்பே உலர்ந்து சொரசொரப்பாகிவிடும். ஐப்பசி ஈரத்தில் பெயின்ட் மங்கி வெளுத்துப்போகும். மாசி, பங்குனிக் காலை ஒன்பது மணி இந்த வேலைக்கு நல்ல நேரம். தெருவில் செம்மண் புழுதி பறக்கும் என்பதால் நான் வீட்டு நடு முற்றமான வளவில்தான் வைத்து அடிக்கிறேன். மேலே வானம் திறந்திருப்பதால் புகை தேங்காது. தரையில் சாக்கு விரிக்க மறக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல்லில் பெயின்ட் துளி இறங்கினால் எடுப்பது பெரும்பாடு.

மறுநாள் என்ஜினைப் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, முழுவதும் ஆறவிடுங்கள். அடுத்து இருபது நிமிடம், மறுபடியும் ஆறட்டும். நிற்கும் வண்டிக்குக் காற்று கிடைக்காது, எதிரே மின்விசிறி வையுங்கள். முதல் முறை சூடேறும்போது வாடையும் லேசான புகையும் வரும். அதனால் வீட்டுக்கு வெளியே நிறுத்தி ஓடவிடுங்கள். பெயின்டும் அப்போது சற்று இளகும், விரல் வைக்கக் கூடாது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு, என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பெட்ரோல் தொட்ட வெள்ளைத் துணியால் கிராங்க் கேஸின் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் பெயின்ட் இறுகிவிட்டது.