காரைத் தாழ்த்தினால் வளைவில் பிடிப்பு கூடுமா?

கூடும், ஓர் எல்லை வரை. அந்த எல்லை பலர் நினைப்பதைவிடச் சீக்கிரமே வந்துவிடும்.

ஈர்ப்பு மையம் 54 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 செ.மீ. இறக்கினால், வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடை ஏறத்தாழ 5.5 சதவீதம் குறையும். லாபம் அவ்வளவுதான். வண்டி தரையோடு ஒட்டி ஓடுவதுபோலத் தெரிவதற்குப் பெரும்பங்கு காரணம், தாழ்த்துவதற்காகப் போடும் குட்டையான புது ஸ்பிரிங்கின் விறைப்பு.

மாருதி ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு சக்கரத்தையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் குறுக்குத்தண்டு). வேலை தொடங்குமுன் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு கீழே இணைக்கும் லோயர் ஆர்மைக் குனிந்து பாருங்கள். அதன் சக்கர முனை உள்முனையைவிடத் தாழ்ந்தோ சமமாகவோ இருந்தால் நல்லது. அளவுக்கு மீறி இறக்கினால் சக்கர முனை மேலேறிவிடும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் உடல் அதிகம் சாயப் பார்க்கும். சாயும்போது வெளிச்சக்கரத்தின் நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் கோணம்) தேவையான அளவு அதிகரிக்காது. டயர் விளிம்பில் நின்று முன்பக்கம் வழுக்கும். சாலையில் ஓட்ட 25 முதல் 30 மி.மீ. போதும்.

ஸ்பிரிங்கை வெட்டுவதும், கேஸில் சூடாக்கி அமுக்குவதும் வேண்டவே வேண்டாம். வெட்டிய முனை, ஸ்பிரிங் அமரும் தட்டில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது கழன்றுகொள்ளும். சூடு பட்டால் எஃகின் பதமே போய்விடும்.

ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் தொடுமுன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரைக் கட்டாயம் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங் தெறித்து ஆளை அடிக்கும். ஸ்பிரிங் தயாரித்தவர் சொன்ன அளவுக்கு பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுதும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) வெட்டிக் குறையுங்கள். அதை விட்டால் பாதி வளைவில் ஷாக் பம்ப் ஸ்டாப்பில் மோதி, விறைப்பு திடீரென எகிறி, பிடி விட்டுப்போகும். ஓடித் தேய்ந்த ஷாக்கோடு விறைத்த ஸ்பிரிங் சேர்ந்தால் வண்டி துள்ளும்; ஷாக்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் லோயர் ஆர்ம் புஷ், அதாவது ஆர்மின் உள்முனையில் இருக்கும் ரப்பர் உருளை. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முறுக்கினால் ரப்பர் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். ஜாக்கியை இறக்கி, வண்டி தன் காலில் நின்ற பிறகே டார்க் ரென்ச் பிடியுங்கள்.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக் அமைப்பு) இல்லாத சில பழைய வண்டிகளில் பின் ஆக்ஸிலோடு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கும். உடல் தாழ்ந்ததும் அது 'பாரம் ஏறியிருக்கிறது' என்று நம்பி பின்பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். காலி வண்டியில் அவசர பிரேக் போட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். கம்பியைப் புது உயரத்துக்குச் சரிசெய்யுங்கள்.

சில நூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் பாருங்கள். 2018 ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ.; 30 போனால் மிச்சம் 133. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ. (நம் ஊர்த் தெருக்காரர்கள் போடுவதற்கு விதியே கிடையாது). நான்கு பேர் ஏறினால் அடிவயிறு உரசும்.

மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பினால் அது பம்ப் ஸ்டீர். டை ராடும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) லோயர் ஆர்மும் மேலும் கீழும் அசையும்போது வரையும் வளைவுகள் இனி ஒத்துப்போகவில்லை என்று பொருள். இதை அலைன்மென்ட் மெஷினால் தீர்க்க முடியாது. வண்டியைக் கொஞ்சம் ஏற்றத்தான் வேண்டும்.