பல் வெண்மை ஜெல்: லேபிளில் உள்ள ரசாயனங்களை ஒப்பிடுவது எப்படி?

ஒரு டியூபில் 6% என்றும் இன்னொன்றில் 16% என்றும் போட்டிருக்கும். 16 தான் வீரியம் என்று எடுத்துவிடாதீர்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வலிமையாக இருக்கலாம்.

1. எந்த ரசாயனம் என்று பாருங்கள்

சதவீதத்துக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்றோ கார்பமைடு பெராக்சைடு என்றோ இருக்கும். பல்லின் கறையைச் சிதைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடுதான். கார்பமைடு பெராக்சைடு என்பது அதையே யூரியாவோடு சேர்த்த கலவை. ஈரம் பட்டதும் இரண்டாகப் பிரியும்.

2. ஒரே அளவுக்கு மாற்றுங்கள்

கார்பமைடு சதவீதத்தை 0.35-ஆல் பெருக்குங்கள். 10% என்றால் சுமார் 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடு. 16% என்றால் 5.6%; 35% என்றால் 12-ஐத் தொட்டுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1-க்கு மேல் 6% வரையுள்ளவை பல் மருத்துவர் வழியாக மட்டுமே கிடைக்கும், 18 வயதுக்குக் கீழே கூடாது. 6-க்கு மேல் அனுமதியே இல்லை. நம் கையில் இருக்கும் டியூபையும் இந்தக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

3. நேரத்தைக் கவனியுங்கள்

ஹைட்ரஜன் பெராக்சைடு சீக்கிரம் வேலை செய்து தீர்ந்துவிடும். கார்பமைடு நிதானமாக, சில மணி நேரம் வெளியிடும். அதனால்தான் அதை இரவில் ட்ரேயில், அதாவது பல்மேல் மாட்டும் உறையில், போட்டுக்கொள்கிறார்கள். ஹேவுட், ஹேமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர்கள் 1989-ல் எழுதிய இரவு ட்ரே முறையும் 10% கார்பமைடை வைத்துத்தான். முதல் முறை செய்பவருக்கு நான் சொல்வதும் அதே 10% தான். மெதுவாக வெளுக்கும், ஆனால் கூச்சம் குறைவு.

4. மற்ற பெயர்கள்

பொட்டாசியம் நைட்ரேட் கூச்சத்தைத் தணிக்கும், இருந்தால் நல்லது. ஃபுளோரைடும் அப்படியே. கார்போமர் ஜெல்லைக் கெட்டியாக்கிப் பல்லில் ஒட்ட வைக்கும். பிஎச் அளவு போட்டிருந்தால் 5.5-க்குக் கீழே வேண்டாம், அமிலம் எனாமலைக் கரைக்கும். குளோரின் டை ஆக்சைடு என்று கண்டால் டியூபை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

அப்புறம், சொத்தைக்கு அடைத்த இடமும் கேப் போட்ட பல்லும் எந்த ஜெல்லுக்கும் வெளுக்காது. முன்பல்லில் அவை இருந்தால் நிறம் தனியாகத் தெரியும், வாங்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். வெயிலில் கிடந்த பெராக்சைடு வீரியம் இழந்துவிடும்.