தினம் அரை மணி வாசிப்பு: மனத்துக்கும் உடம்புக்கும் பலன் தர எப்படிப் படிப்பது?

முதலில் அளவை முடிவு செய்துகொள்ளுங்கள்: தினம் 30 நிமிடம், வாரத்துக்கு மூன்றரை மணி நேரம். இந்தக் கணக்குக்கு ஒரு பின்னணி உண்டு. அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 3,635 பேரின் 12 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து யேல் பல்கலைக்கழகத்தார் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் புத்தகம் படித்தவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, புத்தகமே படிக்காதவர்களைவிட 23 சதவீதம் குறைவாக இருந்தது. வயது, கல்வி, வசதி, ஏற்கெனவே இருந்த நோய்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது. படித்ததால்தான் ஆயுள் கூடியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் செய்தித்தாள், பத்திரிகை படித்தவர்களிடம் இந்த அளவு பலன் தெரியவில்லை. அதனால் அந்த அரை மணியைப் புத்தகத்துக்கே கொடுங்கள்.

பத்து நிமிடத்தில் புத்தகத்தை மூடிவிடுபவர்கள் தங்களுக்குப் பொறுமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரம் காரணம் கழுத்துதான். தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. மடியில் புத்தகத்தை வைத்துக் குனிந்தால் அத்தனையையும் பிடரித் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். முதுகை நாற்காலியில் சாய்த்து, மடியில் இரண்டு தலையணைகளை அடுக்கி, அவற்றின்மேல் முழங்கைகளை ஊன்றிப் புத்தகத்தை உயர்த்திப் பிடியுங்கள். தூரத்தை அளக்க ஸ்கேல் வேண்டாம்: முஷ்டியைக் கன்னத்தில் வைத்து முழங்கையை முன்னால் நீட்டுங்கள், அது தாளைத் தொட்டால் சரி. ஏறக்குறைய 35 முதல் 40 சென்டிமீட்டர் வரும். மல்லாந்து படுத்து, கைகளை மேலே தூக்கிப் படிப்பதைத் தவிர்ப்பது நல்லது. கை வலித்தே நிறுத்திவிடுவீர்கள்.

விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து தாளில் விழட்டும். வழவழப்பான தாளில் வெள்ளையாகப் பளபளத்தால் விளக்கைச் சற்று பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

ஊன்றிப் படிக்கும்போது நாம் இமைப்பதே பாதியாகக் குறைந்துவிடுகிறது. கண் எரிவது அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருக்கும் ஏதாவது ஒன்றை 20 விநாடி பார்த்து, இமைகளை முழுதாக மூடி மூடித் திறங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கத் தொடங்கினால் அது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டாலே தீரும். போடாமல் இழுத்தடித்தால் தலைவலி வந்து, படிக்கும் ஆசையே போய்விடும்.

இனி மனம். கண் வரிவரியாக ஓடும், பக்கமும் திரும்பும், உள்ளே ஒன்றும் இறங்கியிருக்காது. எல்லோருக்கும் நடப்பதுதான். தெரிந்தவுடன் பக்கத்தின் தலைக்குப் போகாதீர்கள். கடைசியாக நினைவிருக்கும் வரியைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். ‘அவருக்குப் பேச வேண்டுமே’ என்பது மாதிரி எண்ணம் குறுக்கே வந்தால் பக்கத்தில் உள்ள துண்டுத்தாளில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதிய பிறகு அது தொந்தரவு செய்வது குறையும். அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, அதில் என்ன இருந்தது என்று இரண்டே வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நினைவில் தங்குவதற்கு இதைவிட எளிய பயிற்சி இல்லை. சொல்ல வரவில்லையா, அந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

தூக்கத்துக்காகப் படிப்பவர்கள் அச்சுப் புத்தகத்தையே எடுங்கள். 12 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையில், ஒளிரும் திரையில் மாலையில் நான்கு மணி நேரம் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிடச் சுமார் 10 நிமிடம் தாமதமாகத்தான் தூக்கம் வந்தது. தூக்கத்துக்கு நேரம் காட்டும் மெலடோனின் சுரப்பும் குறைந்தது. அடுத்து என்ன என்று பதறவைக்கும் கதையைப் பகலுக்கு ஒதுக்குங்கள். ஒரே வரியை மூன்றாம் முறை படிக்கிறீர்கள் என்றால் தூக்கம் வந்துவிட்டது. அடையாளத்தாளை ஏற்கெனவே படித்த முந்தைய பக்கத்தில் வையுங்கள், கடைசிப் பத்திகள் காலையில் நினைவிருக்காது.